ஊர் என்ற சிறு சொல்

1962, ஜூலை 14. இரவு.

எழுத வேண்டியவை என்று காலையில் குறித்தவை:
1. தமிழில் ஊர் என்றால் நாம் வேரூன்றிய இடம்.
2. ஸ்பெயின் மலைப்பக்கத்து பாஸ்க் மொழியில் அதே ஒலிக்குத் தண்ணீர் என்று பொருள். ஜெர்மனில் கடிகாரம். மூன்றுக்கும் உறவில்லை என்றே நினைக்கிறேன்.
3. என் மனைவி தென்காசியை விட்டு வரமாட்டாள். டெல்லிக்கு அழைக்கும் மகனிடம் மறுத்துவிட வேண்டும்.

இன்று குற்றாலத்தில் நல்ல சாரல். குளித்துவிட்டு அவள் பாறையோரம் தலை உலர்த்தினாள். அருவியின் இரைச்சல், அந்த பாஸ்க் மலைக்காரர்களின் தண்ணீர்ச் சொல்லையே திரும்பத் திரும்பச் சொல்வதுபோல் எனக்குக் கேட்டது.

பக்கத்தில் நின்ற பெண், "ஆச்சிக்கு எந்த ஊரு?" என்றாள்.

"இப்பம் தென்காசி. ஆவணியில இருந்து டெல்லி. மவன் கூப்பிடுதான்."

"ஐயா சம்மதிச்சிட்டாகளா?"

"அவுகளுக்கு இன்னும் தெரியாது."

திரும்பும் வண்டியில், என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று மெல்லக் கேட்டேன்.

"நீங்க எல்லாத்தையும் அகராதிகிட்டதான் கேப்பிய. என்னைய எப்பம் கேட்டிய?"

சொல்லிவிட்டு, ஈரத் தலையை என் தோளில் சாய்த்துத் தூங்கிப்போனாள்.

சட்டைத் தோள் இன்னும் காயவில்லை. காதில் அருவி விழுகிறது. கடிகாரமும் ஓடுகிறது. இரண்டும் நிற்காதவை.

காலைக் குறிப்பில் மூன்றாவது தவறு. முதலாவதும்கூட ஒருவேளை…