வலப்பக்கம் வளையும்போது

அம்மணி,

இன்று காலை பட்டறைக்காரர் என் உள்ளங்கையில் ஒரு சாண் வயரை வைத்தார். துணி சுற்றிய வயர். ஓரிடத்தில் துணி தேய்ந்து செம்பு தெரிந்தது, கருகிய நூல் வாடை அடித்தது. அதை வைத்துக்கொண்டு யாரிடம் போவதென்று தெரியாமல் உனக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

எட்டு மாதமாகப் பொள்ளாச்சியில் ஷெட்டில் கிடந்த காரை விற்றுத் தொலைக்கலாமென்று, மாடு பூட்டிப் பட்டறைக்கு இழுத்துக்கொண்டு போனேன். இஞ்சினுக்குள் எண்ணெய் ஏறுவதில்லை, ஸ்டீரிங்குக்கு முன்னால் எரியும் அந்தச் சிவப்பு எண்ணெய் விளக்கே சாட்சி என்றேன். அவர் எண்ணெய்க் குழாயைக் கழற்றிவிட்டு இஞ்சினை ஓடவிட்டார். சட்டையெல்லாம் எண்ணெய் பீய்ச்சியடித்தது. குழாயை மாட்டிவிட்டு ஸ்டீரிங்கை வலப்பக்கம் திருப்பினார், விளக்கு எரிந்தது. நேராக்கினார், அணைந்தது.

"வயருதானுங்க. ஸ்டீரிங் தண்டுல உரசி, சும்மா வெளக்க எரிய உட்டிருக்குது. இஞ்சினுக்கு ஒண்ணுமில்லீங்க, ஓட்டிட்டே போயிருக்கலாமுங்க."

நீ இதை அன்றைக்கே சொன்னாய்.

வால்பாறையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தோம். விடிந்ததிலிருந்து வயிற்றுவலியில் துடித்த நீ பின் சீட்டில் சுருண்டிருந்தாய். கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்கு நெடுந்தூரம் இருந்தது. மூன்றாவது கொண்டை ஊசி வளைவில் விளக்கு எரிந்தது. நிறுத்தி, எண்ணெய் அளவு காட்டும் குச்சியை உருவிப் பார்த்தேன். எண்ணெய் நிறையத்தான் இருந்தது. ஆறவிட்டுக் கிளப்பினேன். இரண்டு வளைவு தள்ளி மறுபடியும் எரிந்தது. விளக்கு எரிந்தால் நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் இஞ்சின் பாழ் என்று காரை விற்றவன் சொல்லியிருந்தான். எனக்கு அது வேதவாக்கு.

"ஏனுங்க, வலப்பக்கம் வளையறப்பத்தானுங்க எரியுது. நேராப் போறப்ப அணைஞ்சு போகுதுங்க. எண்ணெய் இல்லீன்னா எப்பவுமே எரியோணுமல்லங்க?"

"அடுப்பெரிக்கறவளுக்கு இஞ்சினப் பத்தி என்ன தெரியும்? பேசாமப் படு அம்மணி."

அப்படியே சொன்னேன். சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டேன்.

தேயிலை லாரி ஒன்று வந்து நம்மை ஏற்றிக்கொள்ள மத்தியானமாகிவிட்டது. "உள்ளுக்குள்ள கட்டி ஒடஞ்சுபோச்சுங்க. ரெண்டு மணி நேரம் முந்தி வந்திருந்தா பொழைச்சிருப்பாங்க" என்றார் டாக்டர்.

துக்கத்துக்கு வந்தவர்களெல்லாம் காரைத்தான் வைதார்கள். உன் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "மிசினு பண்ணுனதுக்கு நீங்க என்ன பண்ணுவீங்க மாப்பிள்ளை" என்றார். அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டுதான் எட்டு மாதமாகச் சோறு தின்கிறேன். ஆனால் எனக்குத் தெரியும். அன்றைக்கு நான் உன் முகத்தைப் பார்த்ததைவிட அந்த விளக்கைத்தான் அதிகம் பார்த்தேன். புது இஞ்சின் போய்விடுமே என்று பயந்தேன். இஞ்சின் நன்றாக இருக்கிறது.

காரை விற்கப் போவதில்லை. நாளைக் காலை அதை ஓட்டிக்கொண்டு பெருந்துறைக்கு, உன் அம்மா வீட்டுக்குப் போகிறேன். சத்தம் கேட்டு உன் அம்மா வாசலுக்கு வருவார். கெட்டுப்போன வண்டி எப்படி ஓடுகிறது என்று கேட்பார். அன்றைக்கும் ஓடியிருக்கும் அத்தை, நான்தான் ஓட்டவில்லை என்று சொல்லப் போகிறேன்.