நீ எனக்கு மாற்றிச் சொன்ன முடிவு

உத்திரமேரூர் வட்டம்,
பிப்ரவரி 12

அன்பு மகள் இளமதிக்கு,

உன் அம்மா கல்பனா எழுதிக்கொண்டது. இங்கே நானும் உன் அப்பாவும் தம்பியும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம். நீயும் புனேயில் அப்படியே இருக்கிறாய் என்று நம்பித்தான் அடுத்த வரிக்குப் போகிறேன், நேற்றுப் போனில் கேட்ட இருமல் நின்றதா என்பதை மட்டும் உடனே சொல். இந்தக் கடிதம் பதினைந்து நாளுக்கு முன்பே வந்திருக்க வேண்டியது. கம்பெனியில் உன்னை இரண்டு வருஷம் ஜப்பானுக்குப் போகச் சொல்கிறார்கள், பிப்ரவரி கடைசிக்குள் பதில் சொல்லவேண்டும் என்று நீ சொன்ன அன்றைக்கு, உன் இஷ்டம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டேன். அது எப்படிப்பட்ட "உன் இஷ்டம்" என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அப்புறமும் தினம் பேசுகிறோம், சாப்பிட்டாயா தூங்கினாயா என்று கேட்கிறேன், அதைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் வாய் திறப்பதில்லை. போனில் ஆரம்பித்தால் என் குரல் காட்டிக்கொடுத்துவிடும், அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். ஆனால் முதலில் நம் ஊர் நூலகத்தில் நடந்த கூத்தைச் சொல்லியாகவேண்டும், அதைச் சொல்லாமல் இது புரியாது.

நீ போன பிறகுதான் ஞானசுந்தரி நூலகராக வந்தாள், வந்த நாளிலிருந்து அந்த இடமே மாறிப்போயிற்று. முன்பு பேப்பர் பார்க்க நாலு ஆண்கள் வருவதோடு சரி. இப்போது நூறு நாள் வேலை முடிந்ததும் பெண்கள் நேரே அங்கேதான் போகிறார்கள், ஃபேன் காற்றுக்குப் போகிறோம் என்பார்கள், திரும்பும்போது பார்த்தால் சாப்பாட்டுப் பையில் ஆளுக்கொரு புத்தகம் இருக்கும். ஞாயிறு சாயங்காலம் கூட்டம் நடக்கும். அதில் ஞானசுந்தரி ஒரு சட்டம் வைத்திருக்கிறாள், படித்ததைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் நன்றாக இருந்தது என்று சொன்னால் செல்லாது, இந்தப் புத்தகம் யாருக்கு என்று சொல்லவேண்டும். உன் அப்பா மோட்டார் ரிப்பேர் புத்தகத்தோடு எழுந்து, மெக்கானிக்கை நம்பிக் கெட்டவர்களுக்கு என்றார், அந்த மெக்கானிக் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். நான் தேனீக்கள் பற்றிய புத்தகத்தை, வீட்டில் தன் பேச்சை ஒருத்தரும் கேட்பதில்லை என்று நினைக்கிற பெண்களுக்கு என்று சொன்னேன், அதற்கு இப்போது ஆறு பேர் காத்திருக்கிறார்கள். மாதத்தில் இரண்டாவது ஞாயிறு படம். ஒயரிங் வேலை செய்கிற ஆல்பர்ட் புரொஜெக்டர் கொண்டுவந்து சுவரில் காட்டுவான். வேற்று மொழிப் படம் என்றால் ஞானசுந்தரி பக்கத்தில் நின்று வசனத்தையெல்லாம் தமிழில் உரக்கச் சொல்வாள், வில்லனுக்கும் கைக்குழந்தைக்கும் ஒரே குரல்தான்.

இப்போது நான் செய்த தப்பு. போகிக்குப் பழைய புத்தகங்களைக் கொளுத்தாதீர்கள், எங்களிடம் கொடுங்கள் என்று ஞானசுந்தரி போர்டு எழுதிவைத்திருந்தாள். நானும் உன் அலமாரியை ஒழித்து ஒரு மூட்டை கொடுத்தேன். அதில் காலண்டர் தாள் அட்டை போட்ட பெரிய நோட்டு ஒன்று இருந்தது, ஏதோ கைடு என்று நினைத்துவிட்டேன் மதி. நீ பள்ளிக்கூட நாளில் பார்த்த படங்களையும் படித்த புத்தகங்களையும் பற்றி எழுதிவைத்த நோட்டு என்று எனக்கு எப்படித் தெரியும், நீ காட்டியதே இல்லையே. பத்து நாள் கழித்துப் பக்கத்து வீட்டுக் கன்னியப்பன் மாமா வாசலில் வந்து நின்றார். "இன்னா கல்பனா, உன் பொண்ணு என்னப் பத்தி எழுதி வச்சிக்கீது, ஊரே படிச்சிக்கினு கீது" என்றார். சண்டைப் படம் தவிர எதுவும் பார்க்கமாட்டேன் என்று பீற்றிக்கொள்பவர், நாய் செத்துப்போகிற காட்சியில் துண்டை முகத்தில் போட்டுக்கொண்டார் என்று எழுதியிருக்கிறாயாமே. நான் நூலகத்துக்கு ஓடினேன். ஞானசுந்தரி சிரித்துக்கொண்டே, "நம்பர் போட்டு சீல் குத்தியாச்சுக்கா, இனிமே அது லைப்ரரி புக்கு, வேணும்னா உங்க கார்டுல எடுத்துக்கினு போங்க" என்கிறாள். அதுவும் அப்போது கையில் இல்லை, யாரோ எடுத்துப் போயிருந்தார்கள், நாலு பேர் வரிசையில் வேறு இருந்தார்கள். உன்னிடம் எப்படிச் சொல்வது என்று அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

என்ன படம் போடுவது என்று மாதத்துக்கு ஒருத்தர் சொல்லவேண்டும், இந்த மாதம் என் முறை. நீ பத்தாவது படிக்கும்போது டிவியில் பார்த்தோமே, மகளைத் தூர தேசம் அனுப்பிவிட்டு ஒரு அம்மா ஸ்டேஷனில் காத்திருப்பாளே, அந்தப் படத்தைச் சொன்னேன். யாருக்கு என்று கேட்டார்கள். பிள்ளையை வெளியூர் அனுப்பிவிட்டுத் தூக்கம் கெட்டவர்களுக்கு, கடைசியில் மகள் வந்துவிடுவாள், தைரியமாக வாருங்கள் என்றேன். மார்த்தாள் அதை நம்பித்தான் வந்தாள், அவள் மகன் குவைத் போய் மூன்று வருஷம் ஆகிறது. படத்தின் கடைசியில் ரயில் வந்து நின்றது. எல்லாரும் இறங்கினார்கள். நான் மார்த்தாள் கையைப் பிடித்துக்கொண்டு, இரு இரு, இப்போது வருவாள் என்கிறேன். பிளாட்பாரம் காலியாகிவிட்டது. அந்த அம்மா வீட்டுக்கு நடந்து போனாள், மகளுக்கென்று வைத்த குழம்பை அக்கம்பக்கத்தாரைக் கூப்பிட்டுப் போட்டாள், தானும் உட்கார்ந்து இரண்டு கவளம் அதிகமாகவே சாப்பிட்டாள். அவ்வளவுதான், பெயர்கள் ஓட ஆரம்பித்துவிட்டன. கன்னியப்பன் மாமா, பாதியில் நிறுத்திவிட்டான் என்று ஆல்பர்ட்டிடம் சண்டைக்கே போய்விட்டார். "இன்னா கல்பனா, வந்துடும் வந்துடும்னு சொல்லிக்கினே இருந்த, எங்க வந்துச்சு?" என்று மார்த்தாள் கேட்க, எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஞானசுந்தரிக்கு மட்டும் சிரிப்பு தாங்கவில்லை. அன்றைக்குத்தான் திரும்பி வந்திருந்த உன் நோட்டைப் பிரித்து எல்லார் எதிரிலும் படித்தாள். "அம்மா எந்தப் படத்தையும் கடைசிவரை பார்த்ததில்லை. அழுகை வரும் என்று தெரிந்தால் குக்கர் வைக்கப் போய்விடுவாள். முடிவு சொல்வது என் வேலை. இந்தப் படத்தில் மகள் வரவில்லை, வந்துவிட்டாள் என்று சொன்னேன். உண்மையான முடிவுதான் எனக்குப் பிடித்தது. அம்மாவுக்குப் பிடிக்க இன்னும் கொஞ்ச வருஷம் ஆகும்." கூட்டம் சிரித்த சிரிப்பில் வெளியே நாய் குரைத்தது. நானும்தான் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வரும்வரை. மார்த்தாள் எழுந்து சேலையை உதறிக்கொண்டு, "வராங்காட்டி இன்னா, அந்தம்மா சாப்ட்டுச்சே, பாத்தியா" என்றாள்.

நாலு நாளாக அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். பதினைந்து வயதில் ஒரு படத்தின் துக்கத்தைக்கூட எனக்கு வராமல் பார்த்துக்கொண்டிருக்கிறாய், நான் என்னவோ உன்னை நான்தான் காப்பாற்றுகிறேன் என்று இருந்துவிட்டேன். மதி, நீ போ. மனதாரச் சொல்கிறேன், இந்தக் கடிதம் கைக்கு வந்த அன்றே சரி என்று எழுதிக் கொடுத்துவிடு. எனக்குப் பயம் போய்விட்டது என்று பொய் சொல்லமாட்டேன். அங்கே பனி கொட்டுமாமே, இருமலோடு போகாதே, காலையில் வெறும் டீயோடு வேலைக்கு ஓடாதே, நல்ல கோட்டு ஒன்று கணக்குப் பார்க்காமல் வாங்கு. ஒரு நதியோரமாகவே தனியாக நடந்து போன பெண்ணின் பயணப் புத்தகம் ஒன்று படித்தேன், அது ஊர் மாறுகிறவர்களுக்கு, தேடிப் படி. நோட்டுக்கு உன் முடிவுதான், வேண்டாம் என்றால் எழுதிக் கொடுத்து எடுத்துவிடலாம் என்று ஞானசுந்தரி ஒத்துக்கொண்டாள், ஆனால் கன்னியப்பன் மாமாவே அது இருக்கட்டும் என்கிறார், அடுத்த மாதம் நாய்ப் படம்தான் போடவேண்டுமாம்.

எந்த ஊரில் விடிந்தாலும் உனக்கு நல்லபடியாக விடியட்டும், போகிற வழியெல்லாம் நல்ல மனிதர்கள் கிடைக்கட்டும். மறக்காமல் ஒன்று. அங்கே போய்ப் பிடிக்கவில்லை என்றாலோ, உடம்புக்கு முடியவில்லை என்றாலோ, அழுகை வந்தாலோ, நன்றாக இருக்கிறேன் அம்மா என்று சொல்லாதே. உள்ளதைச் சொல். நான் பயப்படுவேன்தான், ஆனாலும் எழுந்து போகாமல் கடைசிவரை கேட்பேன்.

உன் அம்மா,
கல்பனா