தேய்த்துக் கழுவிய திருகுகள்

அன்புள்ள அக்காவுக்கு,

வணக்கம். முழங்கால் வலி குறைந்ததா? நான் நலம், கவலை வேண்டாம்.

நான் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் ஒரு சிறு சங்கதி. எலும்பில் பதித்த திருகுகளை இயந்திரத்தால் பிடுங்கி, டைட்டானியமா, பீங்கான் பூசியதா, எதை எலும்பு இறுகப் பற்றுகிறது என்று இங்கே பார்ப்பார்கள். பிடுங்கிய திருகுகளில் வெள்ளையாக ஏதோ அப்பியிருந்தது. கான்வென்டில் தேய்த்துத் துடைத்தே வளர்ந்த கை சும்மா இருக்குமா? பளபளவென்று தேய்த்துக் கழுவி அடுக்கிவிட்டேன்.

ஆராய்ச்சி மாணவி பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "ஐயோ அம்மா, அது அழுக்கில்ல, எலும்பு! ஒட்டுச்சுங்கிறதுக்கு அதுதானே சாட்சி?"

அவளுடைய பட்டம் என்னால் தள்ளிப்போகிறது. திட்டியிருந்தால் தேவலை. "விடுங்கம்மா, டீ குடிச்சீங்களா?" என்றாள். என் வீட்டுக்காரர் காலமானபின் இந்த வயதில் வேலைக்குக் கிளம்பி வந்தவள், என் சுத்தத்துக்காகவே வேலை கொடுத்தார்கள் என்று உங்களிடம் பீற்றிக்கொண்டேனே! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

வீட்டில் யாரிடமும் சொல்லாதீர்கள். இங்கே குளிர் அதிகம். நீங்கள் தினமும் போர்த்தும் பழைய சால்வையை அனுப்புங்கள்.

தபால்காரர் வந்துவிட்டார். சால்வையைத் துவைக்க வேண்டாம், அக்கா. அப்படியே அனுப்புங்கள்.

உங்கள் தங்கை