அக்காவுக்குக் காட்டிய ஓடை

என் அன்பான அத்தானுக்கு,

நீண்ட ஆலோசனைக்குப் பிறகு ஒரு முடிவெடுத்திருக்கிறேன்: மீன் பிடிக்க ஓடையில் இறங்கும்போது இனி உங்கள் ரப்பர் காற்சட்டையையே அணிவது. என்னுடையது ஒழுகுகிறது. உங்களுடையது எனக்குக் கழுத்துவரை வருகிறது. எதிர்ப்பு எதுவும் வராததால் தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

விட்பி நகருக்கு வடக்கே, எவருக்கும் சொல்வதில்லை என்று நாம் சத்தியம் செய்த அந்த ஓடைக்கு, நீங்கள் கண்மூடியபின் மூன்று சனிக்கிழமை தனியாகப் போனேன். முன்பும் அங்கே நாம் பேசியதில்லை. சத்தம் கேட்டால் ட்ரவுட் மீன் கல்லுக்கடியில் போய்விடும். ஆனால் இரண்டு பேர் பேசாமல் நிற்பதும் ஒருவன் பேசாமல் நிற்பதும் ஒன்றல்ல. உங்களுக்கு இது தெரிந்திருந்ததா?

பிடித்ததையெல்லாம் திரும்ப விட்டுவிட்டு, வெறுங்கையோடு வீடு போக வெட்கப்பட்டு, மோர்னிங்சைட் தெரு மீன்கடையில் விளைமீன் வாங்கி "ஆத்து மீன்" என்று கொடுத்தீர்களே. எட்டு வருடம். தீவில் பிறந்த அக்காவுக்கு, கடல் மீனை.

மூன்றாவது சனி, காற்சட்டையைக் காயப்போட உங்கள் வீட்டுக்குப் போனபோது அக்கா கேட்டாள்.

"விளைமீன் எந்த ஆத்திலயடா பிடிபடுது? அதுவும் துண்டு துண்டா வெட்டுப்பட்டு?"

"தெரிஞ்சும் ஏனக்கா அவரைக் கேக்கேல்லை?"

"கேட்டா உண்மையைச் சொல்லிப்போடுவார் எண்டு பயம். சனிக்கிழமையில அந்த மனுசன் எங்க போனவர்? கசினோவோ? வேற ஆரும் பொம்பிளையின்ர வீடோ?"

பிடித்த மீனை நீங்கள் திரும்ப விட்டதைச் சொன்னேன்.

"பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லடா" என்று சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. அதற்குமேல் சத்தியத்தைக் காப்பாற்ற எனக்குத் தைரியமில்லை.

சென்ற சனி அவளைக் கூட்டிப் போனேன். முழங்காலில் நின்று, நீங்கள் இறகு வைத்துக் கட்டிய தூண்டில் பூச்சியைக் கிளைகளுக்கடியில் மிதக்கவிட்டேன். அரை மணியில் ஒன்று பட்டது. சாணளவு, விலாவில் நீல வளையங்களுக்குள் சிவப்புப் புள்ளிகள். ஈரக் கையில் ஏந்திக் காட்டினேன்.

"உதுக்கோ?" என்றாள். பிறகு குனிந்தாள். "என்ன வடிவடா... பொறு, விடாதை. வடிவாப் பாக்கிறன்." அழத் தொடங்கினாள். அவளைப் பார்ப்பதா மீனைப் பார்ப்பதா என்று எனக்குத் தெரியவில்லை. "அப்ப இஞ்சதான் நிண்டவர்" என்றாள்.

நம்பிவிட்டாள், அத்தான். வரும் சனியும் போவேன். இனி எந்த மீனையும் தண்ணீருக்கு மேலே தூக்கமாட்டேன்; இது உங்களுக்கு நான் தரும் வாக்கு.

அவள் பார்த்து முடிந்து ஓடையில் விட்டபோது அந்த மீன் பக்கவாட்டில் சாய்ந்து மிதந்தது. அக்கா பொரித்தாள். ஆளுக்கு ஒரு துண்டு வந்தது.

உங்கள் மச்சான்,
ஸ்காபரோவிலிருந்து