முடிவு வரும் வரை

மார்ச் 4

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? உன் வாந்தி நின்றதா? எனக்கு இன்னும் காபி வாசனையே ஆவதில்லை. ஒரே வீட்டில் பிறந்தோம், ஒரே சமயத்தில் பிள்ளையையும் சுமந்துகொண்டு திரிகிறோம்!

போனில் சொன்னால் உளறிக்கொட்டுவேன் என்றுதான் எழுதுகிறேன். ரத்தப் பரிசோதனையின் முடிவு வந்துவிட்டது. உன் பிள்ளை பட்டாணிக்கு இருக்கும் டவுன் சிண்ட்ரோம் என் குழந்தைக்கு வர வாய்ப்பு மிக மிகக் குறைவாம். ஆபீஸில் தண்ணீர் மெஷின் பக்கத்தில் நின்று படித்தேன். அங்கேயே தரையில் உட்கார்ந்துவிட்டேன். என் வீட்டுக்காரர் சின்னப் பிள்ளைபோல அழுதார்.

நீயும் எடுத்துக்கொள். வயிற்றில் ஊசி எல்லாம் கிடையாது, கையில் கொஞ்சம் ரத்தம், அவ்வளவுதான். உன் வயதுக்கும் பட்டாணி விஷயத்துக்கும் நீதான் முதலில் எடுத்திருக்க வேண்டும். அவனுக்குச் சித்தியின் முத்தம்.

பிரியமுள்ள,
தங்கை

மார்ச் 15

என் செல்லத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. சந்தோஷம்.

அந்த ஒரு வார்த்தையை எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டு எழுந்து போய்விட்டேன். உண்மையைச் சொல்லட்டுமா? வயிறு எரிந்தது. சின்ன வயதில் உனக்கு மட்டும் புதுச் செருப்பு வாங்கினால் வருமே, அதே எரிச்சல். வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் இருக்கிறது.

பட்டாணி பிறந்தபோது டாக்டர் குழந்தையைப் பார்த்தார், நர்ஸைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார். என்னை மட்டும் பார்க்கவில்லை. நீ பிரசவ அறைக்குள் நிம்மதியாகப் போவாய். எனக்கு அந்த நிம்மதி மேல்தான் பொறாமை.

அப்புறம், 'பட்டாணி விஷயம்' என்று எழுதியிருக்கிறாய். அந்த விஷயத்துக்கு எட்டு வயதாகிறது. எங்கள் பேக்கரியில் என் பக்கத்தில் நின்று ரொட்டிப் பைகளில் ஸ்டிக்கர் ஒட்டுகிறது. நான் கோணலாக ஒட்டினால் திட்டுகிறது.

ஒன்று கேட்கிறேன், மழுப்பாமல் சொல். முடிவு வேறு மாதிரி வந்திருந்தால் என்ன செய்திருப்பாய்?

உன் அக்கா

ஏப்ரல் 2

அக்கா,

கேட்டுவிட்டாய், சொல்கிறேன். கலைத்திருப்போம். ரத்தம் கொடுப்பதற்கு முன்பே பேசி வைத்துவிட்டோம். உன்னால் முடிந்தது என்னால் முடியாது.

நீ மட்டும்தான் எரிகிறாய் என்று நினைக்காதே. நாள் தள்ளிப்போன அன்றே நீ வயிற்றில் கைவைத்துப் பேச ஆரம்பித்துவிட்டாய். நானோ முடிவு வரும் வரை வயிற்றைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. ஒட்டிக்கொண்டால் பிய்ப்பது கஷ்டம் என்று என்னைப் பிடித்து வைத்திருந்தேன். இப்போது தொடுகிறேன். 'இப்பத்தான் வந்தியா?' என்று உள்ளிருந்து கேட்பதுபோல இருக்கிறது. உன் பிள்ளைகள் உன்னை அப்படிக் கேட்கவே மாட்டார்கள். அதை நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கோபித்துக்கொள்ளாதே. லீவுக்குப் பட்டாணியை வழக்கம்போல இங்கே அனுப்பு.

தங்கை

ஏப்ரல் 20

தங்கைக்கு,

நானும் போய் ரத்தம் கொடுத்தேன். பட்டாணியும் கூட வந்தான். "முதல் குழந்தையாம்மா?" என்று நர்ஸ் கேட்டாள். "நான்தான் மொதல்ல!" என்று இவன் கையைத் தூக்கினான்.

அவள் அவனைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "ஏதாவது இருந்தா என்ன செய்யறதுன்னு யோசிச்சீங்களா?"

"எதுவா இருந்தாலும் பெத்துக்கத்தான் போறேன்."

"அப்ப டெஸ்ட் எதுக்கு?"

"யார் வர்றாங்கன்னு தெரிஞ்சா வீட்டை அதுக்கேத்த மாதிரி ஒழுங்கு பண்ணி வைக்கலாம்ல?" என்றேன். ஊசி குத்தும்போது பட்டாணி என் கண்ணைப் பொத்தினான்.

முடிவும் வந்துவிட்டது. உனக்குச் சொல்லப்போவதில்லை. சொன்னால் அடுத்த முறை பார்க்கும்போது உன் முகம் மாறியிருக்கும். இல்லாவிட்டால், மாறாமல் இருக்கப் பாடுபடும். இரண்டையும் பார்க்க எனக்குத் தெம்பில்லை.

நீ உண்மை சொன்னதில் கோபமில்லை. கேட்டது நான்தான். உன் உடம்பு, உன் வாழ்க்கை, அதில் தப்புச் சொல்ல நான் யார்? ஆனால் லீவுக்கு அவனை அனுப்பவில்லை. நீ அவனுக்குத் தலை வாரிவிடும்போதெல்லாம் இங்கே என் காதில் 'கலைத்திருப்போம்' என்ற அந்த ஒரு வார்த்தைதான் கேட்கும்.

துணிகளை அவனே பையில் அடுக்கி வைத்திருந்தான். எடுத்து உள்ளே வைக்கச் சொன்னேன். "சித்திக்கு ஒடம்பு சரியில்லையாம்மா?" என்று கேட்டான். வேறென்ன சொல்வது? ஆமாம் என்றேன். கடைக்கு ரொட்டி வாங்க வருகிறவர்களிடமெல்லாம் இப்போது அதையே சொல்லிக்கொண்டிருக்கிறான். சிலர் என்னிடம் அக்கறையாக விசாரிக்கிறார்கள். தேறிவருகிறாள் என்று சொல்கிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா