லிஃப்டில் ஒட்டிய தாள்

அண்ணா,

அந்த ஆறு மாடிக் குடியிருப்பின் லிஃப்டில் கம்பிவடம் நைந்திருக்கிறது. சோதித்தவள் நான், சான்றிதழில் கையெழுத்திட மறுத்தேன். என் கையெழுத்தை நீயே போட்டிருக்கிறாய்.

"உன் வேலைக்கு நீயே உலை வைக்காத பாப்பா. கொஞ்சம் தாழ்மை வேணும். உனக்காக ஜெபிக்கிறோம்" என்றாய். நம் சபை மூப்பரான நம் கம்பெனி முதலாளியும் ஜெபிக்கிறாராம்.

நானும் ஜெபித்தேன். எழுந்து நேரே போய் லிஃப்டை நிறுத்தி, 'ஏறாதீர்கள்' என்று எழுதி ஒட்டினேன். கீழே என் கையெழுத்து, நானே போட்டது.

"என்னை முதுகுல தூக்கிட்டுப் போவியா?" என்று ஐந்தாம் மாடிப் பெரியவர் கத்தினார். அவர் பையைச் சுமந்துகொண்டு கூடவே படியேறினேன்.

நாளை வேலை போய்விடும். போகட்டும்.

கள்ளக் கையெழுத்துக்காகப் பிறகு மன்னிப்புக் கேட்டாய், மனசார மன்னித்துவிட்டேன். தாளை மட்டும் கிழிக்க மாட்டேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் வழக்கம்போல் உன் பக்கத்தில்தான் உட்காருவேன். நகர்ந்து இடம் கொடு.

உன் தங்கை