மதகு கட்டுபவரின் பெயரைத் திருத்துவது தொடர்பாக

அனுப்புநர்:
எம்.ஐ. அப்துல் ஸமட்,
ஓய்வுபெற்ற தபாற்காரர்,
கடற்கரை ஒன்பதாம் ஒழுங்கை,
சாய்ந்தமருது.

பெறுநர்:
பொறுப்பதிகாரி,
பொதுமக்கள் முறைப்பாட்டுப் பிரிவு,
கல்முனை.

விடயம்: எமது ஒழுங்கை மதகைக் கட்டுபவர் யார் என்பதில் அலுவலகக் கோவையில் ஏற்பட்டுள்ள தவறு.

கனம் ஐயா,

தங்கள் கதவிலுள்ள பெயர்ப்பலகையில் எழுத்து அழிந்துபோயிருந்ததால் ஸலாம் சொல்வதா வணக்கம் சொல்வதா என்று தெரியவில்லை. இரண்டையும் சமர்ப்பிக்கிறேன். பொருத்தமானதை எடுத்துக்கொள்ளவும்.

1. எமது ஒழுங்கை வாயிலில் இருந்த மதகு, சென்ற வருடம் நவம்பர் வெள்ளத்தில் உடைந்து வடிகானுக்குள் விழுந்தது. இப்போது அவ்விடத்தில் இரண்டு தென்னங்குற்றிகள் கிடக்கின்றன. அதில் ஆடு போகும், ஆட்டோ போகாது. என் மனைவி மைமூனாவுக்குச் சிறுநீரகம் இரண்டும் பழுது. செவ்வாயும் வெள்ளியும் இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போயே ஆகவேண்டும். நடக்க ஏலாது. எனவே அவளைப் பிளாஸ்டிக் கதிரையில் இருத்தி, முன்னால் நானும் பின்னால் பக்கத்து வீட்டு மீனவர் கலந்தரும் தூக்கிக்கொண்டு குற்றியின் மேல் நடக்கிறோம். எனக்கு வயது அறுபத்தெட்டு.

2. மதகைப் பார்க்க அரசியல்வாதிகள் வரவில்லை என்று நான் சொல்லவில்லை. வந்தார்கள். முன்பு ஆட்சியில் இருந்தோர் நாலு ஜீப்பில் வந்து வாக்குறுதி தந்தார்கள். இப்போதையோர் மோட்டார் சைக்கிளில் வந்து அதே வாக்குறுதியைத் தருகிறார்கள். எரிபொருள் மிச்சப்படுவதை வரவேற்கிறேன். இதற்கிடையில் மூன்று பேர் தத்தமது முகநூலில், மதகு தங்கள் முயற்சியால் கிடைத்தது என்று நன்றி தெரிவித்திருக்கிறார்கள். கட்டாத மதகுக்கே மூன்று பேர் என்றால், கட்டிய பின் நிற்க இடம் காணாது.

3. சித்திரை மாதம் யாரோ ஒருவர், நாங்கள் கதிரையைத் தூக்கிக்கொண்டு கடப்பதை ஒளிந்திருந்து படமெடுத்து, பின்னால் ஒரு காதல் பாட்டும் போட்டு இணையத்தில் விட்டார். ஒரு லட்சம் பேர் பார்த்ததாக அறிகிறேன். டோஹாவிலிருந்து ஒரு பெண், “மாஷா அல்லாஹ், மாப்பிள்ளை எண்டா இப்பிடி இருக்கணும்” என்று எழுதியிருந்தார். படத்தில் என் கண்ணில் தண்ணீர் வருவது காதலினால் அல்ல. கதிரைக் கால் என் பெருவிரலை நசுக்கிக்கொண்டிருந்தது. ஆனால் மைமூனாவுக்குத் தலைத்துணி விலகியிருந்தது. ஊரெல்லாம் பார்த்துவிட்டதே என்று இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதற்கு ஒருவரும் இதயம் போடவில்லை.

4. இனி விடயத்துக்கு வருகிறேன். ஆவணி மாதம் மதகுக்கு விண்ணப்பிக்க, எமது பாடசாலையில் நடந்த அரசாங்க நடமாடும் சேவைக்குப் போனேன். தமிழ்ப் படிவம் முடிந்துவிட்டதாம். சிங்களப் படிவத்தை ஓர் இளம் உத்தியோகத்தரே அன்பாக நிரப்பித் தந்தார். வேலையை யார் முடித்துத் தருவதாகச் சொன்னார் என்று தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார். நான், “எம்பி சொல்லியிருக்கார் மகன். இன்ஷா அல்லாஹ், மாரி மழைக்கு முந்தி அல்லாஹ் முடிச்சித் தருவான்” என்றேன். எங்கள் ஊரில் சோறு வேகும் என்பதைக்கூட அவன் பெயரை விட்டுவிட்டு யாரும் சொல்வதில்லை. கலியாணத்துக்கு வருவேன் என்பதற்கும் இன்ஷா அல்லாஹ், வரமாட்டேன் என்பதற்கும் இன்ஷா அல்லாஹ். எது எது என்பது முகத்தைப் பார்த்தால் தெரியும். படிவத்தில் முகத்துக்கு இடமில்லை. அவர் எழுதியதை வாசிக்காமல் கையெழுத்து வைத்தது என் பிழை.

5. புரட்டாதி மாதம் சம்பந்தப்பட்ட அலுவலகத்திலிருந்து பதில் வந்தது. அதை அப்படியே தருகிறேன்: “மேற்படி மதகின் நிர்மாணப் பணி மாரி மழைக்கு முன்னர் அல்லாஹ்வினால் நிறைவு செய்யப்படுமென விண்ணப்பதாரியே கையொப்பமிட்டு உறுதிப்படுத்தியுள்ளார். வேறொரு தரப்பு பொறுப்பேற்றுள்ள பணிக்கு இவ்வலுவலகம் நிதி ஒதுக்குவதற்கில்லை. கோவை மூடப்பட்டது.” முப்பத்தொரு வருடம் அரசாங்கக் கடிதங்களை வீடு வீடாகக் கொடுத்தவன் நான். இப்படி ஒன்றைச் சுமந்ததாக நினைவில்லை.

6. திருத்தக் கேட்டு அங்கே போனேன். கருமபீடத்தில் இருந்த ஜதுசன் என்ற காரைதீவுத் தம்பி மரியாதையாகவே கதைத்தார். கோவையைத் திறக்க வேண்டுமானால், பொறுப்பேற்ற தரப்பு வேலையைச் செய்யாது என்று நான் எழுத்தில் தரவேண்டுமாம். மேலிடம் சொன்ன வசனத்தை அவரே தட்டச்சும் செய்தார்: “மேற்படி பணி அல்லாஹ்வினால் செய்து முடிக்கப்படமாட்டாது என இத்தால் உறுதிப்படுத்துகின்றேன்.” அதற்குக் கீழே புள்ளிக்கோடு. தாளைத் தரும்போது அவருக்கே கை கூசியது. “எங்கட பிள்ளையாரப் பத்தி இப்பிடி எழுதித் தரச் சொன்னா நானும் வெக்கமாட்டன் காக்கா. மேல இருந்து இதத்தான் கேக்கிறாங்க” என்றார்.

7. அந்தத் தாள் என் சேர்ட் பையில் மூன்று நாள் இருந்தது. சென்ற வெள்ளிக்கிழமை மழைத் தூறலில் கலந்தரின் கால் வழுக்கி, கதிரை சரிந்து, மைமூனா கானுக்குள் போகப் பார்த்தாள். வீட்டுக்கு வந்ததும் கையெழுத்து வைத்துவிடுவோம் என்று பேனையை எடுத்தேன். அவள் பார்த்துவிட்டாள். வாங்கி வாசித்தாள். “இஞ்ச பாருங்க, எனக்காகவா இத எழுதப் போறீங்க? இதில நீங்க கையெழுத்து வெச்சா நான் அந்தக் கதிரையில ஏற மாட்டன். மவுத்தானாலும் சரி” என்றாள். அவள் ஒன்று சொன்னால் சொன்னதுதான். வைத்தாலும் அவள் போகமாட்டாள், வைக்காவிட்டால் மழை அவளைப் போக விடாது. எனக்குப் பயமாக இருக்கிறது ஐயா. இதை அலுவலகத் தமிழில் எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

8. ஆகவே கோவையிலுள்ள அந்தப் பெயரை நீக்கி, கட்டவேண்டிய அலுவலகத்தின் பெயரை எழுதுவித்து, மாரி பிடிக்க முன் வேலையைத் தொடங்கச் செய்யுமாறு பணிவாகக் கேட்கிறேன். அலுவலகத்தின் பெயருக்குப் பின்னால் “இன்ஷா அல்லாஹ்” என்று சேர்ப்பதில் எனக்கு ஆட்சேபனை இல்லை. ஆனால் இம்முறை வருவேன் என்ற கருத்தில் சேர்க்கவேண்டும். கையெழுத்திடாத தாளை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். நான் அதில் ஒப்பமிடாததற்கு ஈமான் மட்டும் காரணமல்ல. அதிலுள்ளது பொய். ஆறு மாதம்கூடத் தாங்கமாட்டாள் என்று வைத்தியர் சொன்ன என் மனைவியை அல்லாஹ் மூன்று வருடமாக உயிரோடு வைத்திருக்கிறான். அவனுடைய வேலையை அவன் செய்துகொண்டுதான் இருக்கிறான். உங்களிடம் விட்டிருப்பது பதினாறு அடி மதகு ஒன்றை மட்டுமே.

நாளை செவ்வாய்க்கிழமை என்பதை நினைவூட்டி,

தங்கள் பதிலை எதிர்பார்த்திருக்கும்,
(ஒப்பம்) எம்.ஐ. அப்துல் ஸமட்

சாய்ந்தமருது,
13.10.2025